அந்துருண்டை முதல் அயோடைடு வரை

ஆய்வுக்கூடத்தில் ஜி.எம். கவுண்டர் சோதனை செய்த நம்மில் பலருக்கு அந்த ‘டிக், டிக்’ சத்தம் நினைவிருக்கும். கதிர் வந்தால் ஒரு டிக். அது எந்த அணுவிலிருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் அந்தக் குழாய் வாய் திறக்காது. பலவீனமான காமாவுக்கும் ஒரே டிக், பலமான காமாவுக்கும் அதே டிக்தான். ‘எத்தனை’ என்பதோடு ‘எது’ என்பதையும் சேர்த்துச் சொல்லக்கூடியது ஸிண்டிலேஷன் படிகம். வீட்டு மேஜையிலேயே கதிர்வீச்சுக் கருவி கட்டும் ஆர்வலர்கள் இன்று தேடி அலைவது இதைத்தான். அது வந்த வழியை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1903-இல் இங்கிலாந்தின் வில்லியம் குரூக்ஸ், துத்தநாக சல்பைடு பூசிய திரையருகே ரேடியத்தை வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். வெறும் கண்ணுக்கு ஒரே ஒளியாகத் தெரிந்தது, தனித்தனி மினுக்கல்களாகப் பிரிந்தது! ஒவ்வொரு மினுக்கலும் ஓர் ஆல்ஃபா துகள் வந்து மோதியதன் அடையாளம். இதே குரூக்ஸ்தான் 1861-இல் தாலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தவர். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

அடுத்து மான்செஸ்டர். ரூதர்ஃபோர்டின் கூடத்தில் கைகரும் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு, மைக்ராஸ்கோப் வழியே மினுக்கல்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். 1909-இல், பிளாட்டினத்தில் மோதிய ஆல்ஃபா துகள்களில் சுமார் 8,000-க்கு ஒன்று திரும்பி வருவதைக் கண்டார்கள். அணுக்கரு என்ற கருத்தை 1911-இல் ரூதர்ஃபோர்டு வெளியிட இதுவே வழிவகுத்தது. மார்ஸ்டனுக்கு அப்போது வயது 20, பட்டப்படிப்பு மாணவர்.

ஆனால் மனிதக் கண் எவ்வளவு நேரம் தாங்கும்? 1928-இல் கைகர்–முல்லர் குழாய் வந்ததும், மினுக்கலை எண்ணும் முறை மூலைக்குப் போனது.

அதை மீட்டது போட்டோமல்டிபிளையர் குழாய். ஒளித்துளி ஒன்று உதைத்துவிடும் எலெக்ட்ரானைப் படிப்படியாகப் பல லட்சம் மடங்காக்கும் குழாய் இது. 1944-இல் அமெரிக்காவில், போர்க்கால ரகசியத் திட்டத்தில் பணியாற்றிய கரனும் பேக்கரும் கண்ணுக்குப் பதிலாக இதை வைத்தார்கள். இன்னொரு சிக்கல் பாக்கி இருந்தது. துத்தநாக சல்பைடு தூள், தன் ஒளியைத் தானே மறைக்கும். அதனால் மெல்லிய பூச்சாகத்தான் பயன்படும். காமா கதிரோ அதை ஊடுருவிப் போய்விடும். ஒளி புகும் பெரிய கட்டி வேண்டும்.

இங்கேதான் ஹார்ட்மட் கால்மன் வருகிறார். யூத வம்சம் என்பதற்காக 1933-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, போர் முழுவதும் பெர்லினிலேயே தாக்குப்பிடித்தவர். 1947-இல், இடிந்து கிடந்த அந்த நகரத்தில் அவர் எடுத்தது நாப்தலீன். அட, நம் வீட்டு பீரோவில் போடுவோமே, அந்த அந்துருண்டைச் சரக்கேதான்! ஒளி புகும் அந்தக் கட்டியைப் போட்டோமல்டிபிளையர் முன் வைத்ததும், காமா கதிர் மினுக்கலாகப் பதிவானது. கிடைத்ததை வைத்துக் கருவி கட்டும் இன்றைய ஆர்வலர்களுக்கு இவரே முன்னோடி என்பேன்.

1948-இல் பிரின்ஸ்டனில் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர், சோடியம் அயோடைடில் துளி தாலியம் கலந்தார். ஆம், குரூக்ஸின் அதே தாலியம்! அயோடின் கனமான அணு; காமாவைத் தடுத்து நிறுத்தும். தாலியம் அந்த ஆற்றலை நீல ஒளியாக விடும். ஆற்றல் கூடினால் மினுக்கலும் பிரகாசமாகும். பிரகாசத்தை அளந்தால் ஆற்றல் தெரியும். ஆற்றலை வைத்து அணுவின் பெயரைச் சொல்லிவிடலாம். (1961-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது வேறொரு பணிக்காக.)

சோடியம் அயோடைடுக்கு ஈரம் ஆகாது; பட்டால் மஞ்சளித்துக் கெட்டுவிடும். ஆகவே அலுமினிய டப்பாவில் காற்றுப் புகாமல் அடைத்து வைப்பார்கள். அதன் குழாய்க்கு ஏறக்குறைய 1,000 வோல்ட் வேண்டும். தாலியம் கலந்த சீசியம் அயோடைடு இவ்வளவு அடம் பிடிக்காது. அதன் ஒளி சிலிக்கான் உணரிக்கும் நன்றாகப் பொருந்தும். சிலிக்கான் போட்டோமல்டிபிளையருக்குச் சில பத்து வோல்ட் போதும் என்பதால், கருவி இப்போது சட்டைப்பைக்கே வந்துவிட்டது.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் உண்டு; அதில் தோரியம் உண்டு. அங்கே ஜி.எம். கவுண்டரோடு போனால் டிக் டிக் என்று விடாமல் அடிக்கும். ஒருவர் ‘அணு உலைக் கசிவு’ என்பார்; இன்னொருவர் ‘ஒன்றுமில்லை’ என்பார். இரண்டு பேரிடமும் சான்று இருக்காது. படிகம் வைத்துப் பார்த்தால் 2,614 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் ஓர் உச்சம் எழும். அது தோரியம் வம்சத்தின் கையெழுத்து (அதை வெளியிடுவது தாலியம்-208, பாருங்கள்!). அதுவே 662-இல் உச்சம் வந்தால் சீசியம்-137; எங்கோ அணுப்பிளவில் பிறந்து வந்தது. வீண் பயத்துக்கும் வெறும் சமாதானத்துக்கும் நடுவில் உண்மையைச் சொல்வது இந்தச் சிறு கட்டிதான்.

மாணவச் செல்வங்களே, ஒரு சீசியம் அயோடைடு படிகம், சிலிக்கான் உணரி, பெருக்கி, கம்ப்யூட்டர் இவை இருந்தால் புராஜெக்ட் தயார். கதிரியக்க மூலம் எதுவும் தேட வேண்டாம். அனுமதியின்றி அதைத் தொடவும் கூடாது. கடையில் கிடைக்கும் குறைந்த சோடிய உப்பில் உள்ள பொட்டாசியமே போதும். சுற்றிலும் ஈயம் வைத்துச் சில மணி நேரம் காத்திருங்கள். 1,461-இல் உச்சம் எழும்போது, மார்ஸ்டன் இருட்டறையில் அடைந்த மகிழ்ச்சி உங்களுக்கும் கிட்டும். கட்டி முடித்ததும் சொல்லி அனுப்புங்கள். அடுத்த சந்திப்பில் வந்து பார்க்கிறோம்.