பூசணி விதையும் பொட்டியோட புத்தியும்

எங்க அதியமான்கோட்டை காலபைரவர் கோயில்ல தேய்பிறை அஷ்டமின்னா பூசணி விளக்கு ஏத்த கூட்டம் அள்ளும். அந்தப் பூசணிக்குள்ள எத்தனை விதைன்னு யாராச்சும் எண்ணுவாங்களா? காயை வெட்டவே வேணாம்னு சொல்றார் கணக்கதிகாரம் எழுதிய காரி நாயனார். (சாம்பல் பூசணிக்கு இது ஆகாது, கீற்று தெரியுற காய் வேணும்.)

கீற்றை எண்ணி 3, 6, 5 ஆல வரிசையா பெருக்கு. பாதியைத் தள்ளு. மிச்சத்தை 3 ஆல வகு. அம்புட்டுதான். பொட்டி தட்டுறவன் கண்ணுக்கு உடனே படும்: 3 ஆல பெருக்கி 3 ஆலயே வகுக்குறது வெட்டி வேலை :) சுருக்கினா கீற்று × 15. பத்து கீற்றுன்னா 150 விதை. ஏன் 15? அதை வெண்பா சொல்லாது. காரணம் புரியாமலே விடை வந்துடும்.

1964ல எம்.ஐ.டி.யில டேனியல் பாப்ரோ தன் முனைவர் ஆய்வுக்காக லிஸ்ப் மொழியில எழுதிய 'ஸ்டூடன்ட்' நிரலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆங்கிலத்துல எழுதின அல்ஜீப்ரா கணக்கை அப்படியே கொடுக்கலாம். டாம் 45 விளம்பரம் போடுறான். அதுல 20 சதவீதத்தோட வர்க்கத்தை இரண்டால பெருக்கினா அவனோட வாடிக்கையாளர் எண்ணிக்கை. எத்தனை பேர்? 162ன்னு சரியா சொல்லும். ஆனா விளம்பரம்னா என்னன்னு அதுக்குத் தெரியாது. 'இரு மடங்கு' மாதிரி வார்த்தைகளைப் பெருக்கலாக்கும், 'இஸ்' வந்தா சமக்குறி போடும், மிச்ச சொற்றொடரை எல்லாம் எக்ஸ், ஒய் மாதிரி வச்சுக்கும். அப்புறம் சமன்பாட்டைத் தீர்த்துடும். அந்தக் காலத்து கணினியில இதைச் செஞ்சது சாதாரண விஷயமில்லை.

நம்ம பள்ளிக்கூடத்துல இந்த வித்தை ரொம்பப் பழசு. 'மொத்தம்'னா கூட்டு, 'மீதி'ன்னா கழி. "மணிகிட்ட 12 மாம்பழம். கண்ணனை விட 5 அதிகம். கண்ணன்கிட்ட எத்தனை?" 'அதிகம்'னு பாத்ததும் பாதி வகுப்பு 17ன்னு கத்தும். விடை 7.

2021ல ஓப்பன்ஏஐ சுமார் 8,500 ஆரம்பப் பள்ளிக் கணக்குகளை ஜிஎஸ்எம்8கே-ன்னு வெளியிட்டுச்சு. அடுத்தடுத்து வந்த மாடல்கள் அதுல மார்க்கை அள்ளுச்சு. 2024ல ஆப்பிள் ஆய்வாளர்கள் ஒரு குறும்பு பண்ணாங்க. வெள்ளிக்கிழமை 44 கிவி பழம், சனிக்கிழமை 58, ஞாயிறு அன்னிக்கு வெள்ளியைப் போல இரு மடங்கு. ஆனா அதுல 5 பழம் கொஞ்சம் சின்னது. மொத்தம் எத்தனை? 190 வரணும். ஓ1-மினி அந்த அஞ்சைக் கழிச்சு 185ன்னு சொல்லுச்சு.

சின்னதா இருந்தா பழத்துல சேர்த்தி இல்லையாய்யா?