ஒலிப்பொறியாளரும் அவையறிதலும்

அவையறிதல் என்பது சொல்வோர்க்கு உரிய திறனாகவே நம் நூல்களிற் பேசப்படும். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமும், அவையஞ்சாமைக்கென மற்றோர் அதிகாரமும் வகுத்துள்ளார். அவ்விரண்டிலும் அவையை நோக்கி நிற்பவன் சொல்வோனே. அவனுக்கும் கேட்போர்க்கும் இடையே மூன்றாமவன் ஒருவன் இல்லை. மின்னாற்றலாற் குரலைப் பெருக்கும் கருவி வந்தபின் அம்மூன்றாமவன் தோன்றினான். பாடுவோன் பாடியது ஒன்றாகவும் அவையோர் கேட்டது வேறொன்றாகவும் அமைதல் அவன் கையில் உள்ளது. அவன் தன் பணி நன்றாயிற்றா அன்றா என்பதனை எது கொண்டு அறிந்தான் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது. அவையின் ஆரவாரமே அதற்குச் சான்று என்பது பொதுவழக்கு. அவ்வழக்கு எத்துணைப் பொருந்தும் என்பதனை 1965, 1966 ஆம் ஆண்டுகளில் மேலைநாடுகளில் நிகழ்ந்த சில இசையரங்குகளைக் கொண்டு காண்போம்.

முதற்கண் சொல் ஒன்றைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். கேட்போர் கருத்தினைப் பின்னூட்டம் என இக்காலத்தார் வழங்குவர். ஒலிபெருக்கியினின்று வந்த ஒலியையே ஒலிவாங்கி மீண்டும் வாங்க, அது சுழன்று வளர்ந்து வீறிடும் கேட்டிற்கும் அதுவே பெயர். டென்மார்க்கு நாட்டு இயற்பியலார் சோரன் லார்சன் அதனை ஆராய்ந்தமையால் லார்சன் விளைவு என்றும் கூறுவர். ஒலிப்பொறியாளன் பின்பொருளில் வரும் பின்னூட்டத்தை நொடியில் அறிவான். அது பொய் கூறாது. முன்பொருளில் வருவதே ஐயத்திற்கு இடனாவது.

தொடக்க காலத்தில் இவ்வையம் எழவில்லை. 1919 செப்டம்பர் 19 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், சான் டியாகோ நகர விளையாட்டரங்கில் கண்ணாடிக் கூடு ஒன்றனுள் நின்று, மேக்னவாக்சு நிறுவனத்தார் அமைத்த ஒலிபெருக்கி வாயிலாக ஏறத்தாழ 50,000 மக்களிடம் பேசினார். அத்துணைப் பெருங்கூட்டத்திற்குக் குரல் எட்டிற்று என்பதே அன்று வெற்றி. எட்டியதா எனும் வினாவிற்கு ஆம், இல்லை என்னும் இரண்டே விடைகள் உள.

இனி, 1965 ஆகத்து 15 அன்று நியூயார்க்கு நகரின் சே விளையாட்டரங்கில் பீட்டில்சு குழுவினர் பாடிய அரங்கினை நோக்குவோம். கூடினோர் தொகை 55,600 என்பர். கிதார்களுக்கு 100 வாட்டு ஆற்றலுள்ள வாக்சு பெருக்கிகள் அமைந்தன. குரலோ, பந்தாட்ட அறிவிப்புகளுக்கென அரங்கில் முன்னரே பொருத்தப்பட்டிருந்த ஒலிபெருக்கிகளின் வழிச் சென்றது. இளையோர் எழுப்பிய கூக்குரலில் அனைத்தும் மூழ்கின. முழவிசைத்த ரிங்கோ சுடார், பிறர் உடலசைவை நோக்கியே பாட்டு எவ்விடத்தில் நிற்கிறது என உணர வேண்டியிருந்ததெனப் பின்னாளிற் கூறினார். ஆரவாரமே அளவுகோலாயின் இவ்வரங்கின் ஒலிப்பணி உலகிற் சிறந்ததாதல் வேண்டும். உண்மையோ அதற்கு நேர்மாறு. திரைப்படத்திற்கென அங்குப் பதிந்த ஒலியும் போதாமையால் 1966 சனவரியில் இலண்டனில் ஒலிக்கூடம் ஒன்றிற் சில பகுதிகளைப் புதிதாகப் பாடிச் சேர்த்தனர். ஆகவே இன்று அப்படத்தைக் காண்போர் கேட்பது அன்று அவையோர் கேட்டதன்று.

இதற்கு மூன்று கிழமை முன்னர், சூலை 25 அன்று, ரோடு தீவு மாநிலத்து நியூபோர்ட்டு நாட்டுப்புற இசைவிழாவில் மறுதலையான ஒன்று நிகழ்ந்தது. தனிக் கிதாரொடு பாடிப் புகழ்பெற்ற பாபு டிலன், மின் கிதாரும் துணைக்குழுவும் கொண்டு மூன்று பாடல்கள் பாடினார். அவையினின்று இகழொலி எழுந்தது. நாட்டுப்புற மரபை அவர் கைவிட்டமையின் கூட்டம் வெகுண்டது என்பது பெருவழக்காகிய கதை. இதனை அப்படியே ஏற்றற்கு எம் மனம் இசையவில்லை. விழாவின் மூத்தோருள் ஒருவரான பீட்டு சீகர், தாம் சினந்தது மின் இசைக்கன்று, சொற்கள் விளங்காதவாறு ஒலி சிதைந்தமைக்கே எனப் பின்னர்ப் பலகால் கூறினார். கையிற் கோடரி இருந்திருப்பின் கம்பியை வெட்டியிருப்பேன் என அவர் கூறிய சொல்லே, அவர் கோடரியொடு ஓடினார் என்னும் கதையாயிற்று. அன்று உடனிசைத்த அல் கூப்பரோ, நிகழ்ச்சி விரைந்து முடிந்தமையே இகழ்ச்சிக்குக் காரணம் என்பார். ஒலிக்கலவை மேசையில் இருந்தவர் பால் ராத்சைல்டு. ஒலியைக் குறைக்குமாறு மேடைப்புறத்துப் பெரியோர் ஆளனுப்பியும் அங்கிருந்தோர் உடன்படவில்லை என்பதனைத் தூது சென்ற சோ பாய்டு 2006 இல் வெளிவந்த தம் நினைவுநூலில் எழுதியுள்ளார்.

இசைமரபு, ஒலித்தெளிவு, கால அளவு என மூன்று காரணங்கள், இகழொலியோ ஒன்று. மேசைமுன் இருந்தவன் அவ்வொலியை எதற்கு மறுமொழியாகக் கொள்வான்?

ஈண்டு ஒலியியல் நுட்பம் ஒன்றை உணர்தல் வேண்டும். மின் கிதாரின் ஒலி மேடைமேலுள்ள பெருக்கியினின்று நேரே காற்றிற் புகும். குரலோ ஒலிவாங்கியிற் புகுந்து, மேசை கடந்து, மேடையின் இருமருங்கும் உயர்ந்த ஒலிபெருக்கிகளின் வழி வெளிப்படும். முன்வரிசையில் இருப்பார்க்குக் கிதார் மிகுந்து குரல் மறையும். பின்னிருப்பார்க்கு அவ்விகிதம் மாறும். எனவே ஒரே வெளியில் ஒரே நேரத்தில் பல அவைகள் உள எனலாம். மேலும், குரலின் உரப்பு பெரும்பாலும் உயிரொலிகளால் வருவது; சொல்லின் விளக்கமோ மெய்யொலிகளைச் சார்ந்தது. அம்மெய்களுக்கு இன்றியமையாத பகுதி நொடிக்கு 2,000 முதல் 4,000 வரையான அதிர்வுகளை ஒட்டி அமைவது. அப்பகுதி சிதையின் பாட்டு உரக்கக் கேட்கும், பொருள் கேளாது. எழுத்திலக்கணம் பயின்றார்க்கு இது புதுமையன்று.

எஞ்சிய ஒலிநாடாவில் டிலனின் சொற்கள் தெளிவாகக் கேட்கின்றன. ஆதலின் சீகர் கூற்று பொருந்தாது எனச் சிலர் வாதிடுவர். அவ்வாதம் வலியுடைத்தன்று. நாடாவிற்கு ஒலி தந்தவை மேடை ஒலிவாங்கிகள். அவை கேட்டது வாயருகே எழுந்த குரலை; அவையோர் கேட்டது ஒலிபெருக்கியும் காற்றும் கடந்து வந்த குரலை. மூலவோலையின் திருத்தம், அதனைப் படியெடுத்தார் செய்த பிழைக்கு மறுப்பாகாதன்றோ?

இக்கருத்திற்கு வலுவூட்டும் சான்று மான்செசுட்டர் நகரிற் கிடைக்கிறது. 1966 மே 17 அன்று அந்நகர்த் தடையிலா வாணிக மன்றத்தில் டிலன் முற்பகுதியைத் தனியே பாடினார். அவை அமைதியாகக் கேட்டது. பிற்பகுதியில் மின்னிசைக் குழு வந்ததும் இடையிடையே கைதட்டி இடையூறு செய்தனர். இறுதியில் ஒருவர் 'யூதாசு' எனக் கூவினார். மரபைக் காட்டிக்கொடுத்தவன் எனும் வசையாகவே வரலாற்றார் இதனைக் கொள்வர். அவ்வாறு கூவியவர் தாமே என முப்பது ஆண்டு கழிந்தபின் உரிமை கொண்டாடியவர் இருவர். அவருள் ஒருவர், தாம் வெகுண்டது மின்னிசை வந்ததற்கன்று, அது தரம் குன்றிய ஒலியமைப்பொடு வந்ததற்கே எனவும், மன்றத்திற் கேட்டது குழம்பிய ஒலித்திரள், இசைத்தட்டில் இருப்பது போன்றதன்று எனவும் கூறினார். 1998 இல் முறையாக வெளிவந்த அப்பதிவு, அதற்குமுன் இலண்டன் ஆல்பர்ட்டு மண்டபத்துப் பதிவு எனத் தவறான பெயரில் உலவியது. ஏடுகளின் தலைப்பு மாறுவதில் பழகிய நமக்கு இது நகைப்பையே தரும்.

எனினும் அனைத்தையும் ஒலிப்பொறியின்மேல் ஏற்றுதலும் தவறு. 1965 ஆகத்து 28 அன்று நியூயார்க்கின் பாரசுட்டு இல்சு அரங்கிலும் டிலன் இகழப்பட்டார். ஆயின் இகழ்ந்த அவையே 'லைக் எ ரோலிங் சுடோன்' பாட்டைக் கூடப் பாடிற்று. சொல் கேளாத அவை உடன் பாடுதல் அரிது என்று கூறின், அப்பாடல் அப்போது வானொலியில் நாள்தோறும் ஒலித்தது என்பதும் நினையத்தகும்.

ஆகலின், ஆரவாரமும் இகழொலியும் பாடுவோனை நோக்கியவை. அவற்றுள் ஒலிப்பணி பற்றிய தீர்ப்பு கலந்திருக்கலாம், ஆயினும் தனித்துப் பிரித்தற்கு இயலாது என்பது எம் துணிபு. ஒலிப்பொறியாளரும் இதனை உணர்ந்தனர் என்பதற்குப் பின்வந்த மாறுதல்களே சான்று. மாசசூசெட்சு மாநிலத்து மெட்பர்டு நகரினரான பில் ஆன்லி, 1969 இல் உட்டுசுடாக்கு விழாவிற்கு ஒலியமைத்தவர். கலவை மேசையை மேடையோரத்தினின்று கேட்போர் நடுவே கொணர்ந்த முன்னோடிகளுள் ஒருவராக அவரைக் கருதுவர். 'அரங்கின் கடைசி இருக்கை' என்பதே 2020 இல் வெளிவந்த அவர் வரலாற்றின் தலைப்பு. அவையின் ஆரவாரத்தைக் கேட்டல் விடுத்து, அவை கேட்பதனைக் கேட்டல் என்பதே இம்மாறுதல்.

கலிபோர்னியாவின் கிரேட்புல் டெட்டு குழுவினர் இதனை எல்லைவரை கொண்டு சென்றனர். 1974 மார்ச்சு 23 அன்று டேலி நகரத்துக் கௌ பேலசு அரங்கில் அவர்கள் அமைத்த 'ஒலிச்சுவர்' ஏறத்தாழ 600 ஒலிபெருக்கிகளை உடையது. ஓசுலி சுடான்லி, டான் ஈலி, ரான் விக்கர்சாம் முதலானோர் அதனை அமைத்தனர். அச்சுவர் இசைப்போரின் பின்னே நின்றது. ஆதலின் அவையோர் கேட்டதனையே இசைப்போரும் கேட்டனர். சுவரின் ஒலி ஒலிவாங்கியிற் புகுந்து முன்னர்க் கூறிய ஊளை எழாதிருக்க, இரண்டு ஒலிவாங்கிகளை எதிர்நிலையில் இணைத்து, ஒன்றற்கு மட்டும் வாய்வைத்துப் பாடினர். இரண்டிற்கும் பொதுவாய் வந்த ஒலி ஒன்றையொன்று அழித்தது. செலவும் சுமையும் தாங்காமல் அவ்வாண்டு அக்டோபரிலேயே சுவரைக் கைவிட்டனர்.

அக்குழுவினர் 1971 ஆம் ஆண்டு இசைத்தட்டின் உறையிற் கேட்போரின் பெயரும் முகவரியும் வேண்டியிருந்தனர். அவ்வாறு எழுதினோர்க்குச் செய்திமடல் சென்றது. அவ்வரங்குகளிலேயே கேட்போர் சிலர் தம் ஒலிவாங்கிகளைக் கம்பத்தில் உயர்த்திப் பதிவு செய்யலாயினர். இவை மேடை கேட்டதையன்றி அவை கேட்டதைக் கொண்டவை. நியூபோர்ட்டுச் சிக்கலை அவிழ்க்க வேண்டியிருந்த சான்று இவ்வகையதே. நல்லொலி நாடிய பதிவாளர் கலவை மேசைக்கு முன்னே குழுமியதால் கம்பங்கள் காடுபோல் நிறைந்து, மேசையிலிருந்த டான் ஈலிக்கு மேடை மறைந்தது. 1984 அக்டோபர் 27 அன்று பெர்க்கிலி நகர அரங்கு முதலாக, அவர்களுக்கென மேசையின் பின்புறத்தே தனியிடம் ஒதுக்கப்பட்டது.