90 போய் 70 வந்தது: மேல்நிலைத் தேர்வுப் புள்ளிகளை எப்படிக் கணக்கிடுவது?

"அக்கா 90க்கு 82.5 எடுத்தாங்க. எனக்கு முழுப் புள்ளியே 70தானாம். அப்போ பல்கலைக்கழகத்துல இடம் கிடைக்கிறது இன்னும் கஷ்டமா?"

தொடக்கக் கல்லூரியில் படிக்கும் பலர் கேட்கும் கேள்வி இது. சுருக்கமான பதில்: இல்லை. புள்ளிகளைக் கூட்டும் முறைதான் மாறியிருக்கிறது. ஆனால் அந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் பாடங்களைத் தேர்ந்தெடுத்தால், தேவையில்லாத இடத்தில் உழைப்பைக் கொட்டிவிட்டு, தேவையான இடத்தில் கோட்டைவிட்டுவிடலாம். ஆகவே பாடங்களை முடிவு செய்வதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

என்ன மாறியது?

கல்வி அமைச்சு 2023ஆம் ஆண்டு அறிவித்த மாற்றம் இது. 2026ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சேர்க்கையிலிருந்து நடப்புக்கு வந்தது.

முன்பு 90 புள்ளிகள் இப்படி வந்தன:

- மூன்று எச்2 பாடங்கள்: 60
- நான்காவது பாடம், எச்1 நிலையில்: 10
- ஜிபி எனப்படும் பொதுத்தாள்: 10
- புராஜெக்ட் வொர்க்: 10

இப்போது 70 புள்ளிகள் இப்படி:

- மூன்று எச்2 பாடங்கள்: 60
- பொதுத்தாள்: 10

அவ்வளவுதான். புராஜெக்ட் வொர்க்கில் இப்போது தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே. அதற்குக் கிரேடும் கிடையாது, புள்ளியும் கிடையாது. நான்காவது பாடத்தை நீங்கள் தொடர்ந்து படிக்கத்தான் வேண்டும். ஆனால் அது உங்கள் மொத்தப் புள்ளியை உயர்த்தினால் மட்டுமே கணக்கில் சேரும். உயர்த்தாவிட்டால் அப்படியே விட்டுவிடுவார்கள்.

எந்தக் கிரேடுக்கு எத்தனை புள்ளி?

எச்2 பாடத்தில் ஏ வாங்கினால் 20 புள்ளி. பி 17.5, சி 15, டி 12.5, ஈ 10, எஸ் 5. யூ என்றால் பூஜ்யம்.

எச்1 பாடத்துக்கும் பொதுத்தாளுக்கும் இதில் சரிபாதி. ஏ 10, பி 8.75, சி 7.5, டி 6.25, ஈ 5, எஸ் 2.5.

நான்கு பாடங்களையும் எச்2 நிலையில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான்கில் ஆகக் குறைந்த கிரேடு வந்த பாடம் எச்1 அளவில், அதாவது 10 புள்ளிக்கு எடுத்துக்கொள்ளப்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

உங்களுக்கு எச்2 பாடங்களில் பி, பி, சி. பொதுத்தாளில் பி. இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

17.5 + 17.5 + 15 + 8.75 = 58.75. இது 70க்கு.

இப்போது நான்காவது பாடம் வருகிறது. அதன் புள்ளியைக் கூட்டி, வரும் தொகையை 80ஆல் வகுத்து 70ஆல் பெருக்க வேண்டும்.

- நான்காவது பாடத்தில் ஏ என்றால்: 68.75 ÷ 80 × 70 = சுமார் 60.16. புள்ளி கூடுகிறது. சேர்த்துக்கொள்வார்கள்.
- பி என்றால்: 67.5 ÷ 80 × 70 = சுமார் 59.06. கொஞ்சம் கூடுகிறது. இதையும் சேர்ப்பார்கள்.
- சி என்றால்: 66.25 ÷ 80 × 70 = சுமார் 57.97. புள்ளி குறைகிறது. சேர்க்கமாட்டார்கள். உங்கள் புள்ளி 58.75ஆகவே இருக்கும்.

கவனித்தீர்களா? நான்காவது பாடத்தால் உங்களுக்கு நன்மை வரலாம், புள்ளியில் நஷ்டம் வராது.

தமிழ் எங்கே வருகிறது?

எச்1 தமிழுக்கும் இதே விதிதான். புள்ளியை உயர்த்தினால் சேரும், இல்லையென்றால் சேராது. மேலே சொன்ன அதே மாணவர் நான்காவது பாடத்திலும் ஏ, தமிழிலும் ஏ வாங்கியிருந்தால்? 78.75ஐ 90ஆல் வகுத்து 70ஆல் பெருக்குங்கள். 61.25 வரும். 58.75இலிருந்து 2.5 புள்ளி கூடுதல். கடும்போட்டி உள்ள படிப்புகளுக்கு அது சின்ன வித்தியாசம் அல்ல.

எச்1 தாய்மொழித் தேர்வைப் பெரும்பாலோர் முதலாம் ஆண்டு முடிவிலேயே எழுதிவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டின் நெருக்கடி தொடங்குவதற்கு முன்பே ஒரு ஏ கையில் இருப்பது நல்லதுதானே?

எச்2 தமிழ்மொழியும் இலக்கியமும் என்ற பாடம் வேறு ரகம். அது மற்ற எச்2 பாடங்களைப் போலவே முழு 20 புள்ளிப் பாடம். தமிழில் ஆர்வமும் எழுத்துத் திறனும் உள்ளவர்கள் அதை மூன்று முக்கியப் பாடங்களில் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம். ஆண்டர்சன் சிராங்கூன் தொடக்கக் கல்லூரியிலும் தேசியத் தொடக்கக் கல்லூரியிலும் 2020ஆம் ஆண்டிலிருந்து தமிழுக்கென விருப்பப்பாடத் திட்டம் நடக்கிறது. "தமிழ் எடுத்தா என்ன பிரயோஜனம்?" என்று யாராவது கேட்டால், புள்ளிக் கணக்கில் அது இயற்பியலுக்கும் பொருளியலுக்கும் சமம் என்று சொல்லுங்கள்.

உண்மையில் கனம் கூடியது எதற்கு?

மொத்தப் புள்ளி 90ஆக இருந்தபோது மூன்று எச்2 பாடங்களின் பங்கு மூன்றில் இரண்டு. இப்போது 70க்கு 60. அதாவது கிட்டத்தட்ட 86 விழுக்காடு. பொதுத்தாளின் பங்கும் 11 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காட்டுக்கு ஏறிவிட்டது.

இதன் அர்த்தம் என்ன? முன்பு ஒரு எச்2 பாடத்தில் சறுக்கினால் புராஜெக்ட் வொர்க் ஓரளவு தாங்கிப் பிடித்தது. இப்போது அந்தப் பிடிமானம் இல்லை. மூன்று எச்2 பாடங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் நீங்கள் எடுக்கும் ஆகப் பெரிய முடிவு. "ஃபிரெண்ட்ஸ் எல்லாம் அதைத்தான் எடுக்கிறாங்க" என்பது அதற்குப் போதுமான காரணம் அல்ல.

பொதுத்தாளையும் அலட்சியம் செய்யாதீர்கள். "அது இங்கிலீஷ்தானே, கடைசியில பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவது பலரின் வழக்கம். தினமும் செய்தி வாசிப்பது, ஒரு கருத்தின் இரண்டு பக்கத்தையும் எழுதிப் பார்ப்பது, இவையெல்லாம் ஒரே மாதத்தில் வருகிற பழக்கமல்ல.

எச்3 எடுத்தால் புள்ளி கிடைக்குமா?

கிடைக்காது. இது பலருக்கும் தெரியாத விஷயம். எச்3 என்பது எச்2க்கும் மேலே, பல்கலைக்கழகப் பாடத்தை எட்டிப் பார்க்கும் நிலை. பொதுவாக அதே துறையில் எச்2 படிப்பவர்கள்தான் எடுக்க முடியும். அதற்கு ஏ, பி கிரேடு கிடையாது. உயர்சிறப்புத் தேர்ச்சி, சிறப்புத் தேர்ச்சி, தேர்ச்சி என்றுதான் முடிவு வரும். பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளியில் அது சேராது.

பிறகு எதற்கு எடுக்க வேண்டும்? எச்2 கணிதத்தில் விடை கண்டுபிடிக்கப் பழகுகிறீர்கள். எச்3 கணிதத்தில் அந்த விடை ஏன் சரி என்று நிரூபிக்கப் பழகுகிறீர்கள். எச்3 வரலாற்றில் நீங்களே ஒரு கேள்வியை எடுத்து ஆய்வுக் கட்டுரை எழுதுகிறீர்கள். அந்தத் துறையில் பட்டம் படிக்க உங்களுக்கு உண்மையிலேயே பிடிக்குமா என்பது பல்கலைக்கழகத்தில் காலடி வைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். நேர்காணலிலும் உபகாரச் சம்பள விண்ணப்பத்திலும் பேசுவதற்கு உங்களிடம் சொந்த விஷயம் இருக்கும்.

ஆனால் பெயருக்காக எடுத்து, அதனால் ஓர் எச்2 பாடத்தில் ஏ போய் பி வந்தால் 2.5 புள்ளி நஷ்டம். ஆர்வமும் நேரமும் இரண்டும் இருந்தால் எடுங்கள். ஒன்று குறைந்தாலும் விட்டுவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

புள்ளி மட்டும் போதுமா?

சில படிப்புகளுக்குப் போதாது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க எச்2 வேதியியலும், அதோடு உயிரியல் அல்லது இயற்பியலும் வேண்டும். 70க்கு 70 எடுத்தாலும் இந்தப் பாடங்கள் இல்லையென்றால் கதவு திறக்காது. அங்கே சட்டம் படிக்க எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் மருத்துவப் பள்ளி யூகேட் எனும் நுழைவுத் தேர்வைக் கேட்கிறது. அது ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் நடக்கும் தேர்வு. மேல்நிலைத் தேர்வு முடிவு வந்த பிறகு நினைத்தால் அந்த ஆண்டுக்கு எழுத முடியாது.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிப்பவர்களுக்கு இந்த 70 புள்ளிக் கணக்கு பொருந்தாது. அவர்கள் ஜிபிஏ புள்ளிகளை வைத்து விண்ணப்பிக்கிறார்கள்.

அமெரிக்கா போக எஸ்ஏடி, ஏபி இரண்டும் வேண்டுமா?

ஏபி என்பது அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் படிக்கும் கல்லூரி நிலைப் பாடம். மே மாதம் தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். மேல்நிலைத் தேர்வு எழுதும் நீங்கள் அதற்கு மேல் ஏபியும் எழுத வேண்டும் என்று அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பொதுவாக எதிர்பார்ப்பதில்லை.

எஸ்ஏடி அப்படியல்ல. 1,600 மதிப்பெண்ணுக்கு நடக்கும் அந்தத் தேர்வை அமெரிக்காவுக்கு வெளியே 2023 முதல் கணினியில் எழுதுகிறார்கள். 98 கேள்விகள், 2 மணி 14 நிமிடம். கொரோனா காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் அதைக் கட்டாயமில்லை என்றன. எம்ஐடி 2022ஆம் ஆண்டிலும், ஹார்வர்ட் 2024ஆம் ஆண்டிலும் மறுபடியும் கட்டாயம் என்று அறிவித்தன. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமோ, நீங்கள் அனுப்பினாலும் சேர்க்கைக்கு அதைப் பார்ப்பதில்லை. ஆகவே எந்தப் பல்கலைக்கழகம் என்பதை முடிவு செய்த பிறகு தேர்வுக்குக் காசு கட்டுங்கள்.

பாடங்களை முடிவு செய்யும் முன்

- பிடித்த இரண்டு மூன்று பட்டப்படிப்புகளை எழுதி, ஒவ்வொன்றும் எந்த எச்2 பாடங்களைக் கேட்கிறது என்று பல்கலைக்கழக இணையப்பக்கத்தில் பாருங்கள்.
- பல்கலைக்கழகங்கள் முந்திய ஆண்டில் சேர்ந்தவர்களின் கிரேடுகளை வெளியிடுகின்றன. அவற்றுடன் உங்களை ஒப்பிடுங்கள். அண்ணன், அக்காவின் 90 புள்ளிக் கணக்குடன் வேண்டாம்.
- மூன்று எச்2 பாடங்களை மிகக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு எது நன்றாக வருகிறது, எதை இரண்டு ஆண்டு சலிக்காமல் படிக்க முடியும் என்று யோசியுங்கள்.
- நான்காவது பாடத்தில் கொஞ்சம் துணிந்து பாருங்கள். அறிவியல் மாணவருக்கு இலக்கியம் பிடித்திருந்தால், புள்ளிக்குப் பயந்து அதைக் கைவிட வேண்டியதில்லை.
- உயர்நிலையில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு தகவல்: 2028 முதல் தொடக்கக் கல்லூரிச் சேர்க்கையே மாறுகிறது. ஆறு பாடங்களுக்குப் பதில் ஐந்து பாடங்கள் கணக்கில் வரும். மொத்தம் 16 புள்ளிகளுக்குள் இருக்க வேண்டும்.

தேர்வு முடிவுகள் வழக்கமாகப் பிப்ரவரி மாதக் கடைசியில் வெளியாகும். விண்ணப்பிக்க மார்ச்சில் சில வாரங்கள்தான் இருக்கும். அந்த அவசரத்தில் அப்பா அம்மாவுக்குக் கணக்கை விளக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. இப்போதே ஒரு தாளை எடுத்து, உங்கள் ஆகக் கடைசிப் பள்ளித் தேர்வின் கிரேடுகளைப் போட்டு 70க்கு எத்தனை வருகிறது என்று அவர்களுடன் உட்கார்ந்து பாருங்கள்.