எழுபது வயதும் ஒரு சாக்ஸபோனும்

வாஷிங்டனில் பணக்கார வீடுகளில் பரிசாரகராக இருந்த ஜேம்ஸ் எலிங்டன், வெள்ளை மாளிகை விருந்துகளிலும் அவ்வப்போது பரிமாறப் போவார். அதே மாளிகையில் 1969 ஏப்ரல் 29 இரவு அவருடைய மகனுக்கே விருந்து நடந்தது. மகன், ஜாஸ் இசையமைப்பாளரும் பியானோக் கலைஞருமான ட்யூக் எலிங்டனுக்கு அன்றுதான் எழுபது நிறைந்தது.

அதிபர் நிக்சன் சுதந்திரப் பதக்கத்தை வழங்கினார். அதைப் பெற்றுக்கொண்ட எலிங்டன், கன்னத்துக்கு இரண்டு வீதம் நான்கு முத்தங்களைக் கொடுத்துவிட்டார். பிறகு நிக்சனே பியானோவில் உட்கார்ந்து பிறந்த நாள் பாட்டை வாசிக்க, அவையே சேர்ந்து பாடியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே கலைஞருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கலாம் என்று புலிட்சர் இசை நடுவர்கள் பரிந்துரைத்தபோது, மேல்குழு மறுத்திருந்தது. அந்தக் காயத்துக்கு இந்த இரவு கொஞ்சமாவது மருந்திட்டிருக்கும்.

ஆனால் பதக்கத்தைவிடப் பெரிய பரிசு கச்சேரியில்தான் கிடைத்தது. கிழக்கு அறையில் கிளார்க் டெரி, ஜெரி மல்லிகன், ஹேங்க் ஜோன்ஸ், மில்ட் ஹின்டன் என்று முன்னணிக் கலைஞர்கள் எலிங்டனின் படைப்புகளை வரிசையாக வாசித்தார்கள். நடுவே 'செல்சி பிரிட்ஜ்' வந்தது. அது எலிங்டன் எழுதியதல்ல. கால் நூற்றாண்டுக்கும் மேல் அவருடைய நிழலில் நின்று இசையமைத்த பில்லி ஸ்ட்ரேஹார்னின் மெட்டு. 1963-இல் இந்தியா, இலங்கைப் பயணத்துக்கு எலிங்டனுடன் வந்தவர் அவர். டெல்லியில் கேட்ட மைனாவின் குரலை ஓர் உருப்படியாகவே ஆக்கியவர். 1967-இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது.

அந்த மெட்டில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தவர் பால் டெஸ்மண்ட். மெல்லிய, உலர்ந்த ஒலிக்குப் பேர்போனவர். அன்று திடீரென்று தன் குரலை ஒதுக்கிவிட்டு, எலிங்டன் குழுவின் ஜானி ஹாட்ஜஸைப் போலவே குழைத்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கி இறங்கினார். கேட்டுக்கொண்டிருந்த எலிங்டன் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். தான் பல்லாண்டு பக்கத்திலேயே கேட்ட குரல் இன்னொருவர் கருவியிலிருந்து வந்தால் யார்தான் நிமிரமாட்டார்கள்? மறைந்த நண்பரின் மெட்டு, உடன் வாசிப்பவரின் குரல்: இரண்டும் ஒரே நொடியில் அவர் முன்னால் வந்து நின்றன.

கடைசியில் எலிங்டனும் பியானோவுக்கு வந்தார். எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. அதிபரின் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே மென்மையாக ஒன்றைப் புனைந்து வாசித்தார்.

அதோடு இரவு முடியவில்லை. நாற்காலிகளை ஒதுக்கினார்கள், நடனம் தொடங்கியது, நிக்சன் மாடிக்குப் போய்விட்ட பிறகும் வாசிப்பு நள்ளிரவைத் தாண்டி ஓடியது. விருந்தினர் கூட்டத்தில் வில்லி 'தி லயன்' ஸ்மித்தும் இருந்தார். இருபதுகளில் நியூயார்க்குக்கு வந்த இளைஞர் எலிங்டன், ஹார்லெமில் பக்கத்தில் நின்று கைவிரல்களைப் பார்த்துப் பார்த்து வியந்த பியானோக் கலைஞர் இவர். அந்த நன்றியை 1939-இல் 'போர்ட்ரெயிட் ஆஃப் தி லயன்' என்ற இசையாகவே எலிங்டன் எழுதி வைத்தார். முப்பது ஆண்டு கழித்து அந்தப் பெரியவர், தம் வழக்கமான வட்டத் தொப்பியோடு, வெள்ளை மாளிகைப் பியானோவில் வந்து அமர்ந்தார்.