மிதிவண்டி கற்ற புதுக்கோட்டை



நமது ஜொகூரின் வரலாற்றில் மிதிவண்டி ஒரு போர் வாகனமாகவே இடம்பெற்றுவிட்டது. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படைவீரர் பலர் மிதிவண்டிகளில்தான் இம்மாநிலத்தின் வழியே சிங்கப்பூரை நோக்கிச் சென்றனர். அதே வண்டி தமிழ்நாட்டில் வேறொரு வரலாற்றையும் படைத்திருக்கிறது. அதைப் படைத்தவர்கள் கிராமத்துப் பெண்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் முதியோருக்கு எழுத்தறிவு புகட்ட முனைந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பாடம் நடத்தும் பெண் தொண்டர்கள் ஊர்விட்டு ஊர் போகவேண்டும். பேருந்தோ எப்போதோ ஒருமுறை வரும். இல்லையேல் அண்ணனோ கணவனோ கொண்டுபோய் விடவேண்டும். எழுத்துக் கற்பிக்கப் போகிறவளே பிறர் தயவுக்குக் காத்திருந்தால் பாடம் எப்படி நடக்கும்? ஆகவே மிதிவண்டிப் பயிற்சியும் இயக்கத்தின் ஒரு பகுதியாயிற்று.

அங்கே பையன்கள், பெரியவர்களின் வண்டியில் குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்து மிதித்துப் பழகுவது வழக்கம். ‘குரங்குப் பெடல்’ என்பார்கள், பெயரே அழகு! பத்து வயதுப் பையன் விழுந்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. சேலை கட்டிய தாய் தெருவில் விழுந்தால்? ஏளனம் செய்தார்கள், ஆபாசமாகவும் பேசினார்கள். புதிதாகக் கற்பவருக்குப் பெரிய இடையூறு இதுதான் என்பது என் எண்ணம். சமநிலை சில நாளில் வந்துவிடும். பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, சக்கரத்தைக் குனிந்து பாராமல் எதிரே பார்த்து மிதித்தால் போதும். ஊர்வாயைத் தாங்கத்தான் துணை வேண்டும். அந்தத் துணையை இயக்கம் கொடுத்தது. ஒருத்தி தனியாக அல்ல, பலராகச் சேர்ந்து கற்றார்கள். முன்னே கற்றவர் பின்னே வந்தவருக்குக் கற்பித்தார்.

1992ஆம் ஆண்டு மகளிர் தின வாரத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரை வலம்வந்தனர். கிராமத்துப் பெண்களில் ஒரு லட்சம் பேருக்குமேல் ஓட்டக் கற்றதாகக் கணக்கிட்டார்கள். கல்லுடைக்கும் தொழிலாளர், அங்கன்வாடி ஊழியர், ஆசிரியைகள் எனப் பலதரத்தாரும் அதில் இருந்தனர். தண்ணீர் சுமப்பதும் விளைபொருளை விற்கப் போவதும் எளிதாயின. பேருந்துக்கு நிற்கும் நேரமும் மிஞ்சியது.

கடைகளில் பெண்களுக்கான மிதிவண்டி தீர்ந்துபோனபோது அவர்கள் ஆண்களின் வண்டியையே வாங்கினார்கள். பின்னர் அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. ஆசனத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருக்கும் அந்தக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே!