ஹட்டன் நீர்க்கரைகள்: உலா வந்தோரின் வரலாறு

ஹட்டன் இரண்டு பெரிய ஆறுகளின் தலைமாட்டில் இருக்கிறது. நகருக்குத் தெற்கும் மேற்குமாக ஓடும் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கித்துல்கலைக்கு அருகே கூடிக் களனி கங்கை ஆகின்றன. கிழக்கே தலவாக்கலைப் பக்கம் இறங்கும் கொத்மலை ஓயா மகாவலியைச் சேர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று முதலில் மோதும் மலைகள் இவை. ஹட்டனுக்குக் கீழே உள்ள வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும். இவ்வளவு நீர் இருந்தும் குடும்பமாக அருவி பார்க்கப் போகும் வழக்கம் இங்கே மெதுவாகவே வந்தது. மக்களை நீர்க்கரைக்கு முதலில் அழைத்துச் சென்றவை வேலையும் வழிபாடும், பின்னர் மின்சாரம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காடழித்துக் கோப்பி பயிரிட்ட பிரித்தானியத் தோட்டக்காரர்கள் அருவிகளுக்குத் தங்கள் பெயர்களையும் தாய்நாட்டு ஊர்ப் பெயர்களையும் இட்டார்கள். தலவாக்கலை வீதியில் 97 மீற்றர் உயரத்திலிருந்து விழும் டெவோன் அருவி, பக்கத்தில் தோட்டம் வைத்திருந்த முன்னோடிக் கோப்பித் தோட்டக்காரர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. கினிகத்தேனைக்கு அருகில் உள்ள அபர்டீன் அருவியின் பெயரும் ஹட்டன் என்ற பெயரும் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவை. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. துரைமார் எனப்பட்ட தோட்டக்காரர்களின் ஓய்வுநாள் டிக்கோயாவின் டரவெல கிளப் மைதானத்திலும், 1878இல் கட்டப்பட்ட வாலி தேவாலயத்திலும், குதிரைச் சவாரியிலும் கழிந்தது. நுவரெலியா ஓடைகளில் தூண்டில் போடுவதற்காக 1880களில் டிரவுட் மீனையும் கொண்டுவந்து விட்டார்கள். நீரை வெறும் பொழுதுபோக்காகப் பார்க்க முதலில் நேரம் கிடைத்தது இவர்களுக்குத்தான்.

தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு அந்த நேரம் இல்லை. விடியற்காலையில் ஆள் எண்ணும் பெரட்டு, பிறகு கொழுந்து மலை, மாலையில் நிறுவை. தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியிடம் கடன் இருக்கும்வரை வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாமல் தடுத்த ‘துண்டு’ முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. சம்பளம் போட்ட பின் வரும் ஞாயிறன்று ஹட்டன் டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்கி, முடிந்தால் ஒரு படம் பார்த்துத் திரும்புவதே பல குடும்பங்களுக்கு வெளியே போகும் நாளாக இருந்தது.

ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறை தோட்டமே திரண்டு தண்ணீருக்குப் போனது. மாரியம்மன் திருவிழாவில் ஆற்றங்கரையிலோ ஓடைக்கரையிலோ கரகம் பாலித்து, தப்பும் உறுமியும் முழங்கக் கோயிலுக்கு எடுத்து வருவார்கள். பறவைக் காவடி, தீமிதிப்பு, விடிய விடியக் கூத்து என்று அந்த நாட்கள் நீளும். வெளித் தோட்டங்களில் கட்டிக்கொடுத்த பெண்பிள்ளைகள் பேரப்பிள்ளைகளோடு வந்து சேர்வார்கள். ஹட்டன் வட்டாரத்துக் குடும்ப உலாவின் மிகப் பழைய வடிவம் இதுவே. சுற்றுலாக் கையேடுகள் அருவிகளின் உயரத்தை எழுதிவிட்டு இதை விட்டுவிடுவது பெரிய குறை.

இன்னொரு பயணம் மலை உச்சிக்கு. 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையைப் பௌத்தர் புத்தரின் பாதமென்றும், சைவர் சிவனின் பாதமென்றும், முஸ்லிம்கள் ஆதம் நபியின் பாதமென்றும் போற்றி வந்துள்ளனர். மொரோக்கோப் பயணி இபின் பதூதா 1344இல் இதில் ஏறினார். நெடுங்காலம் இரத்தினபுரி வழியே பெருவழியாக இருந்தது. அது நீளமானது, கடுமையானது. ரயில் 1874இல் நாவலப்பிட்டியையும் 1884இல் ஹட்டனையும் எட்டிய பிறகு நிலை மாறியது. கொழும்பிலிருந்து ரயிலேறி ஹட்டனில் இறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு வந்து ஏறும் குறுகிய பாதை பெருவாரியானோரின் பாதையாயிற்று. மார்கழியை ஒட்டிய பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நீளும் பருவத்தில் கைக்குழந்தை முதல் கிழவி வரை இரவெல்லாம் படியேறுகிறார்கள். வழியில் உள்ள சீத கங்குல ஓடையின் பனிக்குளிர் நீரில் முகம் கழுவி அல்லது முழுகி மேலே போவது வழக்கம். தோட்டத் தமிழ்க் குடும்பங்களும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு இந்தக் கூட்டத்தில் கலந்தன. ஹட்டனைத் தோட்டச் சந்தை என்ற நிலையிலிருந்து நாடறிந்த பயணத் தலமாக்கியது இந்த யாத்திரையே.

நிலத்தின் தோற்றத்தையே மாற்றியது மின்சாரம். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இந்த ஆறுகளின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். 1920களில் தொடங்கிய வேலை இடையில் நின்றுபோய், லக்சபான மின்நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. பின்னர் கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், மஸ்கெலி ஓயாவை மறித்து 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கமும் முடிந்தன. இன்று படம் எடுப்போர் இயற்கை ஏரி என்று எண்ணி வியக்கும் நீர்ப்பரப்புகள் இவை. மவுசாக்கலையின் அடியில் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. கடைத்தெருவும் வழிபாட்டிடங்களும் மூழ்க, மேட்டில் புதிய நகரம் எழுப்பப்பட்டது.

அதே ஆண்டுகளில் இந்த மலைகளின் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களும் பெயர்க்கப்பட்டார்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. ஹட்டன் ரயில் மேடையில் உறவுகள் கட்டிப்பிடித்து அழ, தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் போனவர்கள் பல்லாயிரம். இந்த நீர்த்தேக்கங்களின் வரலாற்றை அந்தப் பிரிவைச் சொல்லாமல் எழுதினால் அது பாதி வரலாறுதான்.

அணைகளுக்காகப் போட்ட வீதிகளில் பஸ்ஸும் பின்னர் வாடகை வேனும் ஓடத் தொடங்கியபோது, கொழும்பு, கண்டி, கம்பஹா குடும்பங்கள் ‘ட்ரிப்’ வரலாயின. ஒரே நாளில் ஹட்டன், டெவோன், சென்கிளேயர் பார்த்து நுவரெலியா போவது வழமையான சுற்றாயிற்று. 80 மீற்றர் உயரமும் இலங்கை அருவிகளிலேயே மிகுந்த அகலமும் கொண்ட சென்கிளேயருக்குச் ‘சின்ன நயாகரா’ என்று பட்டப்பெயர் உண்டு. நோர்ட்டன் பிரிட்ஜில் நிற்போர் ஒரு விமானச் சக்கரத்தையும் பார்க்கிறார்கள். 1974 டிசம்பர் 4 அன்று இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் டிசி–8 விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதியதில் அதிலிருந்த 191 பேரும் இறந்தனர். அவர்களின் நினைவாக வைக்கப்பட்டது அச்சக்கரம்.

மின்சாரமும் உலாவும் நேருக்கு நேர் மோதியது கொத்மலை ஓயாவை மறிக்கும் மேல் கொத்மலைத் திட்டத்தில். அருவிகள் வற்றிவிடும் என்ற எதிர்ப்பால் அது பல ஆண்டுகள் தள்ளிப்போனது. ஜப்பானியக் கடனுதவியுடன் 2006இல் கட்டத் தொடங்கி 2012இல் 150 மெகாவொட் நிலையமாக இயங்கலாயிற்று. சென்கிளேயருக்குப் பகல் வேளையில் மட்டும் நீர் விட ஏற்பாடாயிற்று. ஆற்றின் விருப்பப்படி இரவு பகலாக விழுந்த அருவி, பார்ப்போரின் நேரத்துக்கு ஏற்ப விழும் அருவியானது. மின்சாரத்தின் தேவையை மறுக்க முடியாது; இழப்பு உண்மையானது என்பதையும் மறுக்க முடியாது.

இதற்கிடையே, 2005இல் காசல்ரீ சுற்றுவட்டத்துப் பழைய துரை பங்களாக்கள் உயர்விலைத் தங்குமிடங்களாயின. நீர்த்தேக்கத்தில் சிறு கடல்விமானங்களும் இறங்கின. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைபாதை, 22 கட்டங்களாக 300 கிலோமீற்றர் அளவுக்குத் தோட்டப் பாதைகளை இணைக்கிறது. பெரட்டுக்குப் போகவும் கொழுந்து சுமக்கவும் தொழிலாளர் நடந்து தேய்த்த வழிகள் பல அதில் அடங்கும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்ந்ததோ 2021இல்தான். அந்தப் பங்களாக்களில் ஓர் இரவு தங்குவது எந்த லயத்துக் குடும்பத்துக்கும் எட்டாதது.

லயத்துக் குடும்பங்களின் உலா வேறு இடங்களில் நடக்கிறது. வெளிநாட்டிலோ கொழும்பிலோ வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும்போது ஒரு வேன் பிடித்துக் குடும்பமே அருவிக்கோ கோயிலுக்கோ போகிறது. கடும் வறட்சியில் மவுசாக்கலை நீர் இறங்கி மூழ்கிய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் தலைகாட்டினால், மஸ்கெலியா, சாமிமலைப் பக்கத்துக் குடும்பங்கள் சேற்றில் இறங்கிப் பார்க்கின்றன. முதியோர் கடைத்தெரு இருந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். அருவிக் குளியலில்தான் ஆபத்து மிகுதி. மேலே மலையில் பெய்த மழை கீழே வெயிலில் குளிப்போருக்குத் தெரியாது. நொடியில் வெள்ளம் இறங்கிவிடும். அபர்டீன் போன்ற அருவிகளின் ஆழ்ந்த தடாகங்களில் இளைஞர்கள் மூழ்கி இறப்பது தொடர்கிறது. எச்சரிக்கைப் பலகைகளில் தமிழும் சிங்களமும் தெளிவாக இருப்பதும், ஆற்றின் போக்கறிந்த அந்தந்தத் தோட்டத்து இளைஞர்களைக் கூலி கொடுத்துக் காவலுக்கும் வழிகாட்டலுக்கும் அமர்த்துவதும் உடனடித் தேவைகள்.