பொன் கொழித்த டூலாங்: கருமணலிலிருந்து தங்கம் பிரித்த வரலாறு

"பொன் தீபகற்பம் என்ற பெயர் எப்படி வந்தது?" வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: "இங்க நிறைய தங்கம் கிடைச்சது டீச்சர், அதனாலதான்."

விடை தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால், ஆற்றங்கரையில் தங்கம் கூழாங்கல் மாதிரிக் கிடந்தது, குனிந்து பொறுக்கினார்கள் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. நடந்தது வேறு. ஆற்றுத் தங்கம் பெரும்பாலும் பொடியாக, கரிய மணலோடு கலந்துதான் கிடைத்தது. அதைப் பிரித்தெடுக்கத் தெரிந்த கைகள் இருந்ததால்தான் அந்தப் பொடி வணிகப் பொருளாயிற்று. வரலாற்றில் பெயர் நின்றது. அந்தக் கைகள் விடுபட்டுப் போயின. இக்கட்டுரை அந்தக் கைவேலையைப் பற்றியது.

பெயரும் நிலமும்

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த தாலமி தம் நிலவியல் நூலில் 'பொன் தீபகற்பம்' என்று ஒரு நிலத்தைக் குறித்தார். அது மலாய்த் தீபகற்பம் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. தாலமி இங்கே வந்தவர் அல்லர். வணிகரும் மாலுமிகளும் சொன்ன செய்திகளைத் தொகுத்தே எழுதினார். இந்தியர்களும் தென்கிழக்காசிய நிலங்களைச் சுவர்ணபூமி என்றே அழைத்தார்கள்.

பெயருக்கு அடிப்படை நிலத்தில் உண்டு. கிளந்தானில் தொடங்கிப் பகாங் வழியாகத் தெற்கே நீளும் ஒரு தங்க மண்டலம் தீபகற்பத்தின் நடுவே இருக்கிறது. ரவுப், கோலலிப்பிஸ் எல்லாம் அந்த மண்டலத்தில் அடங்கும் ஊர்கள். பாறையில் ஓடும் வெண்கல் நரம்புகளுக்குள் தங்கம் இருக்கும். மழையிலும் வெயிலிலும் பாறை சிதையச் சிதைய, தங்கம் உதிர்ந்து ஓடைக்கு வரும். ஓடை அதை உருட்டி, நசுக்கி, வேகம் குறையும் வளைவுகளில் இறக்கிவிடும். அது தனியாக இறங்குவதில்லை. கருமணலும் கூடவே இறங்கும்.

கருமணல் ஏன் விடுவதில்லை?

சாதாரண வெண்மணல் நீரைப்போல் 2.65 மடங்கு எடையுள்ளது. கருமணலில் உள்ள காந்தக்கல் சுமார் 5.2 மடங்கு, இல்மனைட்டு சுமார் 4.7 மடங்கு. ஈயக்கனிமம் ஏறக்குறைய 7 மடங்கு. தூய தங்கமோ 19.3 மடங்கு. (நம் நாட்டுப் பேச்சு வழக்கில் ஈயம் என்றால் வெள்ளீயம்தான்.)

எண்களைப் பார்த்தால், "இவ்வளவு வித்தியாசம் இருக்கே, பிரிக்கிறது சுலபம்தானே?" என்று தோன்றும். வெண்மணலைப் பொறுத்தவரை சுலபம்தான். நீரில் ஆட்டினால் போய்விடும். சிக்கல் கருமணலில் வருகிறது. மிக நுண்ணிய துகள்கள் நீரில் இறங்கும் வேகத்தை எடை மட்டும் முடிவு செய்வதில்லை. அளவும் முடிவு செய்கிறது. தங்கத் துகளைப்போல் இரண்டு மடங்கு அகலமுள்ள காந்தக்கல் துகள், ஏறக்குறைய அதே வேகத்தில் இறங்கும். அதனால் பெரிய கருமணலும் சிறிய தங்கமும் ஒன்றாகவே அடியில் படிகின்றன.

அந்தத் தங்கம் எவ்வளவு சிறியது? 0.1 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத் துகளை எடுத்துக்கொள்வோம். அதன் எடை சுமார் 0.02 மில்லிகிராம். ஒரு கிராம் சேர ஏறத்தாழ 52,000 துகள்கள் வேண்டும். 8 கிராம் கொண்ட ஒரு பவுனுக்கு நான்கு லட்சத்துக்கும் மேல்! பொன் தீபகற்பத்தின் பொன்னில் பெரும்பங்கு இப்படிச் சேர்ந்ததுதான்.

கையும் நீரும்

இதற்குப் பயன்பட்ட கருவி டூலாங். அகன்ற, ஆழம் குறைந்த மரத்தட்டு. நடுவில் சற்றுக் குழிந்திருக்கும். மணலை அள்ளி, நீருக்குள் வைத்துச் சுழற்ற வேண்டும். இலேசான மணல் விளிம்பைத் தாண்டிப் போகும். கனமானது நடுவில் தங்கும். நம் வீட்டில் அரிசி அரிப்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே அரிசி நீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் அடியில் நிற்கும். அதே சங்கதிதான். அங்கே நிற்பதை எறிவோம். இங்கே நிற்பதற்காகத்தான் பாடு.

புதிதாகப் பழகுபவர் தோற்பது கடைசிக் கட்டத்தில். தட்டில் ஒரு கைப்பிடி கருமணல் மிஞ்சும்போது அவசரப்பட்டு வேகமாக ஆட்டினால் தங்கமும் சேர்ந்து போய்விடும். தேர்ந்தவர் செய்வது இது. முதலில் சல்லடையில் சலித்து, ஒரே அளவுத் துகள்களைத் தனித்தனியாகப் பிரிப்பார். அளவு ஒன்றானால் எடை வித்தியாசம் மட்டும் வேலை செய்யும். பிறகு மிகக் கொஞ்சம் நீர் விட்டு, தட்டைச் சாய்த்து, விளிம்பில் விரலால் மெல்லத் தட்டுவார். கருமணல் முன்னால் நகரும். தங்கம் பின்தங்கி மெல்லிய மஞ்சள் கோடாகத் தெரியும்.

மாவு போன்ற தங்கம் சில வேளை நீரின் மேல் மிதந்தும் போகும். இன்று பழகுபவர்கள் அதைத் தடுக்க ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விடுகிறார்கள். நெகிழிப்பையில் சுற்றிய காந்தத்தால் காந்தக்கல்லை எடுக்கிறார்கள். ஆனால் இல்மனைட்டு சாதாரண காந்தத்துக்கு எளிதில் வராது. கடைசியில் கைதான்.

இந்த வேலைக்குத் தமிழில் பழைய சொல் உண்டு: கொழித்தல். முறத்தில் தானியத்தை அசைத்துத் தரம் பிரிப்பது கொழித்தல். ஆறு மணலையும் மணியையும் கரையில் ஒதுக்குவதும் கொழித்தலே. 'பொன் கொழிக்கும் நாடு' என்று கட்டுரையில் எழுதும் மாணவர், அந்தச் சொல்லுக்குள் ஒரு முறமும் ஓர் ஆறும் இருப்பதை அறிந்து எழுதட்டும்.

ஒரு தமிழ் உரைகல்

பிரித்தெடுத்த பொன்னை வாங்குபவருக்கு அடுத்த கேள்வி தரம். அதைச் சோதிக்கும் கருவி உரைகல். பொன்னைக் கருங்கல்லில் உரசி, கோட்டின் நிறத்தைப் பார்த்து மாற்று அறிவார்கள்.

தீபகற்பத்தின் மேற்குக் கரையில், இன்றைய தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில், குவான் லுக் பாட் என்னும் பழைய துறைமுகப் பகுதியில் அப்படியொரு சிறிய உரைகல் கிடைத்தது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பதன் என்பவரின் கல் என்பது பொருள். எழுத்தமைதியை வைத்து கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு எனக் கணிக்கிறார்கள். இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்புக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, படையோடு அல்லாமல் உரைகல்லோடு தமிழ்த் தொடர்பு இந்தக் கரையில் இருந்தது என்பதற்கு இது சான்று. மன்னர் பெயரோடு ஒரு கைவினைஞர் பெயரையும் மாணவர்கள் நினைவில் வைக்கலாமே!

இயந்திரம் வந்த பின்

கிளந்தானில் காலாஸ் ஆற்றுப் பகுதியிலுள்ள பூலாய், தங்கம் தேடி வந்த ஹக்கா சீனர்கள் குடியேறிய ஊர். ரவுப் என்ற பெயரே மணலைக் கைநிறைய அள்ளுவதிலிருந்து வந்தது என்பது ஊர்க்கதை. 1888இல் பகாங்கில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஆட்சி வந்தது. அடுத்த ஆண்டே, 1889இல், குவீன்ஸ்லாந்திலிருந்து வந்த வில்லியம் பிப்பி ரவுப்பில் ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்க நிறுவனத்தைத் தொடங்கினார். ஆறு செய்த வேலையை, அதாவது பாறையை உடைப்பதை, இயந்திரம் செய்யத் தொடங்கியது.

நுண்தங்கத்தைப் பிடிக்க உலகெங்கும் சுரங்கங்கள் பாதரசத்தை நம்பின. பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், கருமணலை விட்டுவிடும். பிறகு சூடேற்றினால் 357 பாகையில் பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் நிற்கும். பொறுமைக்குக் கிடைத்த குறுக்குவழி! ஆனால் அந்த ஆவி நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. ஆற்றில் கலந்தால் மீனுக்கும் மனிதருக்கும் ஏறும். இதைக் கட்டுப்படுத்த மினமாத்தா உடன்படிக்கை 2013இல்தான் ஏற்கப்பட்டது.

டூலாங் பெண்கள்

டூலாங் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயத்துக்கும் பயன்பட்டது. சுரங்கக் கழிவு நீரோடும் ஓடைகளில் முழங்கால் நீரில் குனிந்து ஈய மணலை அலசியவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குறிப்பாகச் சீனப் பெண்கள். அதற்கு அரசாங்க உரிமம் வேண்டும். தங்கம் தேடுபவர் இடைஞ்சலாக நினைத்த கருமணலில்தான் இவர்களின் குடும்பச் சோறு இருந்தது. ஈயம் எடுத்த பின் மிஞ்சிய கருமணலுக்கு 'அமாங்' என்று பெயர். முதலில் கழிவாகக் கிடந்த அமாங்கும், இல்மனைட்டு, மோனசைட்டு, சிர்கோன் ஆகியவற்றுக்காகப் பின்னாளில் விலைபோனது. எது பொருள், எது கழிவு என்பது காலத்துக்குக் காலம் மாறுகிறது. 1985இல் அனைத்துலக ஈய மன்றம் நிலைகுலைந்து ஈய விலை சரிந்ததும் சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. டூலாங் தொழிலும் சுருங்கியது.

வகுப்பறைக்கு

ஒரு தட்டில் மணலும் சைக்கிள் கடையில் கிடைக்கும் சிறு இரும்புக் குண்டுகள் பத்தும் போட்டு, நீரில் ஆட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். காந்தம் கூடாது. இரும்பு நீரைப்போல் சுமார் 7.8 மடங்குதான், குண்டுகளும் பெரியவை. அப்படியும் முதல் முறை சில குண்டுகள் மணலோடு போகும். பத்து நிமிடத்தில் முதுகு வலிக்கிறது என்பார்கள். அப்போது அந்தப் பழைய கேள்வியை மறுபடி கேளுங்கள்.

தேர்வில் எழுதும்போது மூன்று படிகளாக விடையை அமைக்கலாம்: நிலத்தில் தங்கம் இருந்தது; அதைப் பிரிக்கும் திறன் மக்களிடம் இருந்தது; அதை வாங்கித் தரம் பார்க்கும் வணிகர் வந்தனர். நடுப்படியைப் பல மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால் தங்கம் ஆற்றிலேயே கிடந்திருக்கும். தாலமிக்குச் சேதியே போயிருக்காது.